குரல் கலைஞரை அமர்த்துவது எப்படி: ஸ்கிரிப்டிலிருந்து கடைசி ரீடேக் வரை

"கேஜைத் தொடாதீர்கள். முதலில் கேஜைப் பாருங்கள்."

தொழிற்கூடப் பாதுகாப்பு பற்றிய ஒரு பயிற்சிக் காணொளிக்கு நான் எழுதிய ஸ்கிரிப்டில் இந்த இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் வருவது இயந்திரத்தைச் சுற்றி இருக்கும் கம்பிக் கூண்டு (cage). இரண்டாவது வரியில் வருவது அழுத்தம் காட்டும் கருவி (gauge). பேசும்போது முதல் ககரம் வல்லினமாக ஒலிக்கும், இரண்டாவது 'கங்கா' என்று சொல்லும்போது வருகிற ககரம். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். குரல் கொடுத்தவர் நல்ல அனுபவசாலி, ஆனால் அந்த இயந்திரத்தை அவர் பார்த்ததே இல்லை. கருவி வருகிற 41 இடங்களிலும் கூண்டு என்றே படித்துவிட்டார். அத்தனையையும் மறுபடி பதிவு செய்தோம். அதற்கான பணத்தை நான் கொடுத்தேன். அதுதான் நியாயமும்கூட, ஏனென்றால் உச்சரிப்பை நான் சொல்லவே இல்லை.

அதன் பிறகு பல பதிவுகளுக்கு ஆள் அமர்த்தியிருக்கிறேன். எங்கே சிக்கல் வந்தாலும் தேடிப் பார்த்தால், மைக் போடுவதற்கு முன்பே யாரோ எதையோ சொல்லாமல் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் அந்த யாரோ, வேலை கொடுத்தவர். அதனால் முதல் முறையாகக் குரல் கலைஞரைத் தேடுகிறவர்களுக்கு, எதை எப்போது சொல்ல வேண்டும் என்பதையே வரிசையாக எழுதுகிறேன்.

என்ன வேலை என்று முதலில் உங்களுக்குத் தெரியட்டும்

"ஒரு வாய்ஸ் ஓவர் வேணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் எந்தக் கலைஞராலும் பதில் சொல்ல முடியாது. விளம்பரம், ஒலிப்புத்தகம், பயிற்சிப் பாடம், தொலைபேசியில் "ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் அறிவிப்பு, வீடியோ கேம், ஆவணப்படம் எல்லாமே குரல் வேலைதான் என்றாலும் வேறு வேறு திறமை கேட்பவை. முப்பது வினாடி விளம்பரத்தில் அசத்துகிற ஒருவரால் எட்டு மணி நேரப் புத்தகத்தை ஒரே சீராக வாசிக்க முடியாமல் போகலாம். டப்பிங் இன்னும் தனி. திரையில் இருப்பவரின் உதட்டசைவுக்குள் வசனத்தை உட்கார வைக்க வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாதவரிடம் டப்பிங் கொடுத்தால் இருவருக்கும் நாள் வீணாகும்.

நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வகை, முடிந்த ஒலி எத்தனை நிமிடம், எங்கே எவ்வளவு காலம் ஒலிக்கப் போகிறது, எந்தத் தேதிக்குள் வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். விலையை அதிகம் மாற்றுவது அதுதான். பணத்தைப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

ஸ்கிரிப்ட் முடிந்த பிறகே ஆளைத் தேடுங்கள்

பாதி ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு கலைஞரைப் பேசி முடித்துவிட்டு, பதிவு நாள் காலையில் மீதியை அனுப்புகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நல்ல கலைஞர்கள் முன்கூட்டியே படித்து, எங்கே மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லுக்கு எடை கொடுப்பது என்று பென்சிலால் குறித்து வைப்பார்கள். அந்த நேரத்தைப் பறித்துவிட்டு நல்ல வாசிப்பை எதிர்பார்ப்பது சரியல்ல.

அனுப்புவதற்கு முன் முழு ஸ்கிரிப்டையும் நீங்களே வாய்விட்டுப் படியுங்கள். மனதுக்குள் படித்தால் போதாது. கண்ணுக்கு அழகாகத் தெரிகிற நாலு வரி வாக்கியம், வாயில் வரும்போது மூச்சு முட்டும். எந்த இடத்தில் உங்கள் நாக்கு தடுக்குகிறதோ அங்கே கலைஞருக்கும் தடுக்கும். அந்த வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்.

படிக்கும்போதே கடிகாரத்தையும் பாருங்கள். ஆங்கில விவரிப்புக்கு நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் அது மூன்று சொல். அதனால் தமிழில் சொல் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். ஒரு பக்கத்தைச் சாதாரண வேகத்தில் படித்து நேரம் பாருங்கள், பக்க எண்ணிக்கையால் பெருக்குங்கள், கூடவே பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு மொழியிலிருந்து மொழிபெயர்த்த ஸ்கிரிப்ட் என்றால் இந்தச் சோதனை கட்டாயம். படம் ஏற்கெனவே வெட்டி முடித்திருப்பார்கள், தமிழ் வாக்கியம் அந்த இடத்தில் அடங்காது. அப்போது கலைஞரை வேகமாகப் படிக்கச் சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பது தவறு. வாக்கியத்தைச் சுருக்குங்கள்.

அடுத்தது நடை. தமிழில் எழுத்து வேறு, பேச்சு வேறு என்பதால் இந்தக் கேள்வி நமக்குக் கூடுதலாக வந்து நிற்கும். "செய்கிறீர்கள்" என்று இருக்கிறது. அதை அப்படியே படிப்பதா, "செய்றீங்க" என்று படிப்பதா? கலைஞரே பார்த்துக்கொள்வார் என்று விட்டால், முதல் பத்தியில் ஒரு மாதிரியும் பத்தாவது பத்தியில் வேறு மாதிரியும் வரும். பேச்சு நடை வேண்டும் என்றால் ஸ்கிரிப்டையே பேச்சு நடையில் எழுதிக் கொடுங்கள். பேச்சு நடையிலும் எல்லாப் பகுதிக்கும் பொதுவான ஒன்றா, ஏதாவது ஒரு வட்டாரத்தின் சாயலா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எண்களையும் சுருக்கங்களையும் விரித்து எழுதுங்கள். 1995 என்பதை "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஐந்து" என்றும் படிக்கலாம், "தொண்ணூத்தஞ்சு" என்றும் படிக்கலாம். தொலைபேசி எண் என்றால் இலக்கம் இலக்கமாகவா, இரண்டிரண்டாகவா? 'கி.மீ.' என்றால் கிலோமீட்டரா, மணிக்குக் கிலோமீட்டரா? இணைய முகவரியில் வரும் புள்ளியை 'புள்ளி' என்பதா, 'டாட்' என்பதா? படிக்கிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு முடிவு. அந்த முடிவை மைக் முன்னால் எடுக்க விடாதீர்கள்.

பெயர்களுக்கு என் வழக்கம் இது. கேஜ் அனுபவத்துக்குப் பிறகு ஒருமுறைகூட இதை விட்டதில்லை. ஸ்கிரிப்டில் வருகிற எல்லா ஆட்பெயர், நிறுவனப் பெயர், தொழில்நுட்பச் சொல், பிறமொழிச் சொல் ஆகியவற்றைத் தனியாக ஒரு பட்டியலாக எழுதுவேன். செல்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை நிதானமாகச் சொல்லிப் பதிந்து, அந்தக் கோப்பை ஸ்கிரிப்டோடு சேர்த்து அனுப்புவேன். எனக்கே உச்சரிப்பு தெரியாத சொல் என்றால் அந்தத் துறையில் இருப்பவரைப் பிடித்து அவர் வாயால் பதிந்துகொள்வேன். க, ச, ட, த, ப ஆகிய ஐந்தும் தமிழில் ஒவ்வொன்றும் பல ஒலியைத் தூக்கிச் சுமக்கிற எழுத்துகள். தமிழ்ச் சொல்லில் எந்த இடத்தில் எந்த ஒலி என்பது நமக்குத் தானாக வரும். வெளியிலிருந்து வந்த பெயரில் அப்படி வராது. பத்து நிமிடத்தில் முடிகிற இந்த வேலை, ரீடேக்கில் ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

பக்க அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக: எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு, பத்திகளுக்கு எண் போட்டு அனுப்புங்கள். ஒரு வாக்கியம் பக்கம் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'பத்தி 14, இரண்டாவது வரி' என்று பின்னால் சொல்வதற்கு எண்கள் உதவும்.

எப்படிப்பட்ட குரல் என்பதைச் சொல்வது

"கம்பீரமா, அதே சமயம் இனிமையா, ஃபிரெண்ட்லியா" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இந்தச் சொற்களைக் கேட்டு ஒவ்வொருவரும் தம் மனதுக்குள் ஒவ்வொரு குரலைக் கேட்பார்கள். அதற்குப் பதிலாக யார் யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்று எழுதுங்கள். "பத்து வருடம் வேலை பார்த்த மேற்பார்வையாளர், இன்று சேர்ந்த பையனுக்கு அருகில் நின்று சொல்லிக் கொடுக்கிறார். பயமுறுத்தவில்லை, ஆனால் விளையாட்டும் இல்லை." இதைப் படித்ததும் ஒரு நல்ல கலைஞருக்குக் குரலின் உயரம், வேகம், நெருக்கம் எல்லாமே பிடிபட்டுவிடும்.

உங்களுக்குப் பிடித்த ஒலித்துண்டு ஒன்றை மாதிரிக்கு அனுப்பலாம். அனுப்பும்போது அதில் எது பிடித்தது என்று சொல்ல வேண்டும்: வேகமா, அமைதியா, குரலின் கனமா. ஆனால் ஒரு பிரபலத்தின் குரல் போலவே பேசித் தரச் சொல்வது வேறு சங்கதி. அமெரிக்காவில் பெட் மிட்லர் என்ற பாடகி ஒரு விளம்பரத்தில் பாட மறுத்ததால், அவரைப் போலவே பாடக்கூடிய ஒருவரை வைத்துப் பாட வைத்தார்கள். ஃபோர்ட் கார் விளம்பரம் அது. மிட்லர் வழக்குப் போட்டார். புகழ்பெற்ற ஒருவருடைய தனித்துவமான குரலை விற்பனைக்காக வேண்டுமென்றே போலி செய்வது தவறு என்று 1988ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இருந்தாலும் அப்படிக் கேட்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. குரல் கலைஞருக்கு அது கூச்சமான வேலை, சொந்தக் குரலை மறைத்துவிட்டு வரச் சொல்வது.

தேடுவதும் கேட்பதும்

கலைஞர்கள் எங்கே கிடைப்பார்கள் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. குரல் கலைஞர்களைப் பட்டியலிடும் இணையதளங்கள், ஒலிப்பதிவுக் கூடங்கள், கலைஞர்களின் சொந்தப் பக்கங்கள், நீங்கள் கேட்டு ரசித்த ஒரு பதிவின் கடைசியில் வருகிற பெயர்ப் பட்டியல். இதில் கடைசி வழிதான் எனக்குப் பிடித்தது. முடித்த வேலையைக் கேட்டுவிட்டல்லவா அழைக்கிறீர்கள்.

எல்லாரும் முதலில் அனுப்புவது டெமோ. ஒன்று, ஒன்றரை நிமிடத்துக்குள் அவர்களுடைய மிகச் சிறந்த துண்டுகளை அடுக்கி, இசை சேர்த்து, தேர்ந்த ஒலிப் பொறியாளர் மெருகேற்றிய ஒன்று அது. அதைக் கேட்டுக் குரலின் நிறத்தைத் தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். நீண்ட வேலைக்கு ஆள் தேடுகிறீர்கள் என்றால் இசை சேர்க்காத, வெட்டி ஒட்டாத ஐந்து நிமிடப் பதிவு ஒன்றைக் கேளுங்கள். முதல் நிமிடத்தில் இருந்த சுறுசுறுப்பு ஐந்தாவது நிமிடத்தில் இருக்கிறதா? எல்லா வாக்கியமும் ஒரே ராகத்தில் இறங்கி முடிகிறதா? இந்தக் கடைசிக் குறை குறும்பதிவில் தெரியாது. மணிக்கணக்கில் கேட்கும்போது தூக்கம் வரும்.

இயர்ஃபோன் போட்டுக் கேளுங்கள். தமிழ் என்றால் நான் முதலில் கவனிப்பது ல, ள, ழ மூன்றும் தனித்தனியாக நிற்கிறதா என்று. வலி, வளி, வழி. அடுத்து ன, ண. 'மனம்', 'மணம்' இரண்டும் ஒன்றாகிவிட்டால் அப்புறம் என்ன வாசிப்பு? அடுத்தது ப, ட போன்ற எழுத்துகளில் மைக்கில் காற்று மோதும் 'பொட்' சத்தம், சகரத்தில் சீறல், வாய் உலர்ந்து வரும் சின்னச் சின்ன 'சொடக்' சத்தம். ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, நீக்கிவிடலாம். வரிக்கு வரி இருந்தால் நீக்குகிறவர் பாடு திண்டாட்டம்.

இப்போது பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறார்கள். அந்த அறையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. "வழக்கமாக உட்காரும் இடத்தில் மைக்கை ஓடவிட்டு, பத்து வினாடி எதுவும் பேசாமல் பதிந்து, எந்த ஃபில்டரும் போடாமல் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். மின்விசிறி, குளிர்சாதனம், தெருவில் போகும் வண்டி, எல்லாம் அந்த மௌனத்தில் வந்துவிடும். கூடவே ஒரு கைதட்டலையும் பதியச் சொன்னால் அறையின் எதிரொலியும் தெரியும். பின்னணி இரைச்சலைக் கணினியில் ஓரளவு குறைக்கலாம். எதிரொலி குரலோடு ஒட்டிக்கொண்டு வரும், அதைப் பிரித்தெடுப்பது கடினம். நல்ல குரல், மோசமான அறை என்றால் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அவரை அங்கே வரவழையுங்கள். குரலை விட்டுவிட வேண்டாம்.

மூன்று, நான்கு பேரைத் தேர்ந்தெடுத்த பிறகு சாம்பிள் கேளுங்கள். உங்கள் ஸ்கிரிப்டிலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத பகுதி. தொடக்கப் பத்தியைக் கொடுக்காதீர்கள், அது பொதுவாக எளிதாக இருக்கும். கடினமான பெயர்களும், ஒரு பட்டியலும், உணர்ச்சி மாறுகிற ஒரு இடமும் கலந்த பகுதியாகப் பார்த்துக் கொடுங்கள். அதற்கு மேல் நீளமாக வேண்டுமானால் பணம் கொடுத்துக் கேளுங்கள். சாம்பிள் என்று சொல்லி ஆளுக்கு ஒரு அத்தியாயமாக வாங்கி முழு வேலையையும் முடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், நீண்ட சாம்பிள் கேட்டாலே கலைஞர்கள் பின்வாங்குவார்கள். தேர்வாகாதவர்களுக்கும் இரண்டு வரி எழுதித் தெரிவியுங்கள். காத்துக்கொண்டிருப்பார்கள்.

பணமும் உரிமையும்

கட்டணத்தைப் பல வகையில் கணக்கிடுவார்கள். சொல் கணக்கு, பதிவு மணிக் கணக்கு, முழு வேலைக்கு ஒரே தொகை, முடிந்த ஒலியின் நிமிடம் அல்லது மணிக் கணக்கு. ஒலிப்புத்தகங்களில் கடைசி வகைதான் அதிகம். முடிந்த ஒலியில் ஒரு மணி நேரம் என்பது உழைப்பில் ஒரு மணி நேரம் அல்ல. முன்கூட்டிப் படிப்பது, பதிவு செய்வது, தவறுகளை வெட்டுவது, மறுபடி கேட்டுச் சரிபார்ப்பது எல்லாம் சேர்ந்தால் ஐந்து, ஆறு மணி நேரம் போய்விடும். கட்டணம் அதிகமாக இருக்கிறதே என்று தோன்றும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெட்டி ஒட்டும் வேலை கலைஞருடையதா, உங்களுடையதா என்பதையும் விலை பேசும்போதே தீர்த்துவிடுங்கள்.

விளம்பரத்தில் இதோடு இன்னொரு பகுதி சேரும், பயன்பாட்டு உரிமை. பதிவு செய்த உழைப்புக்கு ஒரு தொகை, அந்தக் குரலை எங்கே, எவ்வளவு காலம், எந்த ஊடகத்தில் ஒலிபரப்புகிறீர்கள் என்பதற்கு இன்னொரு தொகை. புதியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும்: "பத்து வினாடிதானே பேசினார்?" ஆனால் ஒரு விளம்பரத்தின் குரலாக ஒரு வருடம் ஒலிக்கிறவரை, அதே பொருளை விற்கும் போட்டி நிறுவனம் அமர்த்தாது. அந்த இழப்பையும் சேர்த்துத்தான் கேட்கிறார். நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் பயிற்சிப் படத்துக்கு இந்தப் பகுதி சிறியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. "எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும்" என்று மொத்தமாக எழுதி வாங்குவதும் உண்டு, விலை ஏறும். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தேவையோ அதை மட்டும் வாங்குங்கள், நீட்டிப்புக்கு என்ன தொகை என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது, இன்று யாருமே தாண்டிப் போகக்கூடாத ஒன்று. சூசன் பென்னட் என்ற அமெரிக்கக் குரல் கலைஞர் 2005 ஜூலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்காக தினமும் மணிக்கணக்கில் வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தார். எதற்கு என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. 2011ல் ஐஃபோனில் 'சிரி' (Siri) என்ற பேசும் உதவியாளர் வந்தபோது, சக கலைஞர் ஒருவர் கேட்டுச் சொல்லித்தான் அது தன் குரல் என்று தெரிந்துகொண்டார். கனடாவின் பெவ் ஸ்டாண்டிங், மொழிபெயர்ப்புக்காக என்று சொல்லி 2018ல் பதிவு செய்து கொடுத்த குரல், டிக்டாக்கில் எழுத்தை வாசிக்கும் குரலாக வந்து நின்றது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்து அவர் குரலில் பேச வைக்கலாம் என்ற நிலை. 2021ல் வழக்குப் போட்டார், பிறகு சமரசமாக முடிந்தது.

இப்போது சில நிமிடப் பதிவே ஒருவரின் குரலைக் கணினியில் நகலெடுக்கப் போதும். அதனால் கலைஞர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் நீங்களாகவே ஒரு வரி சேருங்கள்: "இந்தப் பதிவைச் செயற்கைக் குரல் உருவாக்கவோ, எந்தக் கணினி மாதிரியைப் பயிற்றுவிக்கவோ பயன்படுத்த மாட்டோம், பிறருக்கும் கொடுக்க மாட்டோம்." கலைஞர் கேட்பதற்கு முன்பே இதை நீங்கள் எழுதினால் அவர் உங்களை நம்பி வேலை செய்வார். அமெரிக்காவில் 2022ல் தொடங்கிய நாவா என்ற குரல் கலைஞர் சங்கம் இதற்கென்றே ஒரு மாதிரி வாசகத்தை வெளியிட்டிருக்கிறது, அதைப் பார்த்து உங்கள் மொழியில் எழுதிக்கொள்ளலாம். உண்மையிலேயே செயற்கைக் குரல் உருவாக்கத்தான் பதிவு செய்கிறீர்கள் என்றால் அதை முதல் கடிதத்திலேயே சொல்லுங்கள். அது தனி வேலை, தனி ஒப்பந்தம், தனி விலை.

ரீடேக்கில்தான் சண்டை வரும்

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. தேதி, தொகை, முன்பணம், கோப்பு வடிவம், உரிமை, அந்தச் செயற்கைக் குரல் வரி, இதெல்லாம் இருந்தால் போதும். ஆனால் ரீடேக் பற்றி மட்டும் விரிவாக எழுதுங்கள், ஏனென்றால் மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும். மூன்றாகப் பிரித்து வையுங்கள். கலைஞர் தவறாகப் படித்தது, வரியை விட்டது, சத்தம் நுழைந்தது: இதை அவர் இலவசமாகத் திருத்தித் தருவார். நீங்கள் ஸ்கிரிப்டை மாற்றியது, உச்சரிப்பைச் சொல்லாமல் விட்டது: இதற்கு நீங்கள் பணம் தர வேண்டும். மூன்றாவது, வாசிப்பு சரிதான், ஆனால் தொனி மனதுக்கு ஒட்டவில்லை என்பது. இதற்கு ஒரு சுற்று இலவசம், அடுத்ததற்குக் கட்டணம் என்று வைப்பது இரு பக்கத்துக்கும் சமாதானமான வழி.

பதிவு நாள்

நேரில் கூடத்திலோ, இணைய அழைப்பிலோ நீங்கள் இருந்து கேட்க முடிந்தால் இருங்கள். தொலைவிலிருந்து கூடத் தரத்திலேயே கேட்டுப் பதிய 'சோர்ஸ் கனெக்ட்' போன்ற மென்பொருள்கள் உண்டு. வெறுமனே கேட்டு வழிநடத்த மட்டும் என்றால் சாதாரண ஜூம் அழைப்பே போதும், பதிவு கலைஞரின் கணினியில் நடக்கட்டும்.

கூட இருப்பவர்களில் ஒருவர் மட்டுமே கலைஞரிடம் பேச வேண்டும். நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் அவர் யாருக்காகப் படிப்பார்? உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு ஒருவர் வாயால் சொல்லுங்கள்.

வழிநடத்துவது எப்படி என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அதே பாதுகாப்புப் படத்தில் ஒரு வரி: "சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்." முதல் டேக்கில் எல்லாச் சொல்லும் சம எடையில் வந்தது, அறிவிப்புப் பலகை படிப்பது போல. "இன்னும் அழுத்தமா" என்றேன். இரண்டாவது டேக்கில் சத்தம்தான் கூடியது. மூன்றாவதும் அப்படியே. நான் கேட்டது ஒன்று, நான் சொன்ன சொல்லுக்கு அவர் கொடுத்தது இன்னொன்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "விளக்கு இன்னும் எரிஞ்சுகிட்டு இருக்கு, பையன் கதவுப் பக்கம் கையை நீட்டிட்டான், அவன் கையைப் பிடிச்சுகிட்டு இதைச் சொல்லுங்க" என்றேன். அவர் ஒரு நொடி கண்ணை மூடினார். குரல் தாழ்ந்தது. "அணைந்த பிறகுதான்" என்பதற்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அந்த டேக்தான் படத்தில் இருக்கிறது.

நீங்களே படித்துக் காட்டி "இதே மாதிரி சொல்லுங்க" என்பதை முடிந்தவரை தவிருங்கள். அவர் உங்களை நகலெடுப்பார், அதில் உயிர் இருக்காது. உச்சரிப்புக்கு மட்டும் படித்துக் காட்டலாம். முக்கியமான வரிகளுக்கு மூன்று டேக் வித்தியாசமாகக் கேட்டு வாங்குங்கள், அதற்கு மேல் பத்து, பதினைந்து என்று போனால் சொற்கள் அர்த்தம் இழந்து வெறும் ஒலியாகிவிடும். அப்போது வேறு பகுதிக்குப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள்.

தொண்டையை மறக்காதீர்கள். மணிக்கு ஒருமுறை இடைவெளி, பக்கத்தில் தண்ணீர். கத்தல், அலறல், சண்டை இருக்கும் கேம் பதிவுகளில் அவற்றை எல்லாம் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். காலையில் கத்தவிட்டால் மதியம் மென்மையான வசனத்துக்குக் குரல் இருக்காது. அப்படிப்பட்ட பதிவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அமெரிக்க கேம் குரல் கலைஞர்கள் 2016ல் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று.

நீங்கள் இருக்க முடியாத நீண்ட வேலை என்றால், முதல் பத்து, பதினைந்து நிமிடத்தை மட்டும் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்டு, திருத்தம் சொல்லி, எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகே மீதி நடக்கட்டும். கேட்காமல் சம்மதித்துவிட்டு முழுப் புத்தகமும் வந்த பிறகு வேகம் அதிகம் என்று சொல்வது கலைஞருக்கு இழைக்கும் அநீதி.

கோப்பு

மூலப்பதிவு சுருக்காத வேவ் (WAV) வடிவில், மோனோவில், அதாவது ஒரே தடத்தில், 24 பிட்டில் வரட்டும். காணொளிக்கு 48 கிலோஹெர்ட்ஸ், ஒலிப்புத்தகத்துக்குப் பெரும்பாலும் 44.1. எம்பி3யை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், சுருக்கும்போது இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. இசையோடு கலக்கப் போகிறவர் தனியாக இருந்தால், மெருகு எதுவும் போடாத பதிவையும் கேட்டு வாங்குங்கள். வெளியிடும் தளத்துக்குத் தனி விதிகள் இருந்தால் அதைக் கலைஞருக்கு முதலிலேயே அனுப்புங்கள். உதாரணமாக அமேசானின் ஒலிப்புத்தகத் தளமான ஏசிஎக்ஸ், சராசரி ஒலி அளவு மைனஸ் 23க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையில், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. கோப்புப் பெயரில் பத்தி எண் இருக்கட்டும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்' என்று பெயர் வைத்தால் மூன்றாம் நாள் யாருக்கும் எது எது என்று தெரியாது.

கேட்டுச் சரிபார்த்தல்

ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும், வேகத்தைக் கூட்டாமல், ஒருமுறை கேளுங்கள். பாதியைக் கேட்டுவிட்டு மீதியும் சரியாகத்தான் இருக்கும் என்று விடாதீர்கள். திருத்தங்களைக் கண்டதும் கண்டதும் தனித்தனிச் செய்தியாக அனுப்ப வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பட்டியல்: பத்தி எண், நிமிடம் வினாடி, இப்போது என்ன கேட்கிறது, என்ன கேட்க வேண்டும். "பத்தி 14, 6:42, 'மலை' என்று கேட்கிறது, 'மழை' வேண்டும்." இப்படி.

ரீடேக் பதியும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் பதியச் சொல்லாதீர்கள், ஒட்டினால் ஒட்டுப் போட்டது தெரியும். முழு வாக்கியமாகப் பதியட்டும். அதே மைக், அதே தூரம், முடிந்தால் அதே பொழுது. காலைக் குரலும் மாலைக் குரலும் ஒன்றல்ல. தொடங்குவதற்கு முன் பழைய பதிவின் அந்தப் பகுதியை ஒருமுறை காதில் போட்டுக் கேட்டுவிட்டுப் பேசினால் தொனி பொருந்தும். பல நல்ல கலைஞர்கள் இதைத் தாங்களாகவே செய்வார்கள்.

ரீடேக் வந்து சேர்ந்து, பொருத்திப் பார்த்துத் திருப்தியானதும் மீதிப் பணத்தை அன்றே அனுப்பிவிடுங்கள். மூலக் கோப்புகளையும், உச்சரிப்புப் பதிவையும், ஒப்பந்தத்தையும் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு வரி மாற்ற வேண்டி வரும்போது தேவைப்படும். பெயர்ப் பட்டியல் இருக்கும் படைப்பு என்றால் கலைஞரின் பெயரை அவரிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டுப் போடுங்கள். வெளியானதும் அவருக்கு இணைப்பை அனுப்புங்கள். டெமோவில் அதிலிருந்து ஒரு துண்டை வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று அவர் கேட்பார். உண்டு என்றால் அந்தச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.